ஏமோஸ் மில்பர்ன்: எந்தத் தொகுப்பை வாங்குவது?

அமெரிக்க புளூஸ் பாடகரும் பியானோ கலைஞருமான ஏமோஸ் மில்பர்னின் ஒரு பாட்டை எங்கோ தற்செயலாகக் கேட்டுவிட்டு, இவருடைய இசையை முறையாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்யும் ஒருவர் முதலில் தடுமாறுவது எந்தத் தொகுப்பை எடுப்பது என்ற இடத்தில்தான். 26 பாடல்கள் அடங்கிய ஒற்றைக் குறுந்தகடு இருக்கிறது. 66 பாடல்கள் அடங்கிய மூன்று தகட்டுத் தொகுப்பு இருக்கிறது. 145 பதிவுகளை ஒன்றுவிடாமல் திரட்டிய ஏழு தகட்டுப் பெட்டி இருக்கிறது. இவை தவிர, 1940களில் வெளிவந்த அசல் அரக்குத் தட்டுகள், 1960களில் மோட்டவுன் நிறுவனத்துக்காக அவர் மீண்டும் பாடியவை, ஐரோப்பாவிலிருந்து வரும் மலிவு விலைத் தொகுப்புகள் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றை விலையையும் பாடல் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம் என்பது என் உறுதியான எண்ணம். அவருடைய இசைத்தட்டுகள் எப்படி உருவாயின, கடைக்கு எப்படி வந்தன என்பதை அறிந்துகொண்ட பிறகுதான் எந்தத் தொகுப்பு எதைக் காப்பாற்றுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது விளங்கும்.

மில்பர்ன் 1927 ஏப்ரல் 1 அன்று டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், பதின்மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் பதின்மூன்று போர் விண்மீன் விருதுகளைப் பெற்றுத் திரும்பியவர். ஊருக்கு வந்ததும் ஒரு வாத்தியக் குழுவைத் திரட்டி ஹூஸ்டன் விடுதிகளில் வாசிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் கறுப்பின மக்களின் நடன அரங்குகளை ஆண்டுகொண்டிருந்த இசைக்கு ஜம்ப் புளூஸ் என்று பெயர். பெரிய ஸ்விங் ஜாஸ் குழுக்களின் உற்சாகத்தை ஏழெட்டுப் பேர் கொண்ட சிறு குழுவுக்குள் அடக்கி, டெனர் சாக்ஸபோனையும் பியானோவையும் முன்னிறுத்தி, ஆடுபவர்களின் கால்களை ஓய விடாமல் வைத்திருக்கும் இசை அது. பியானோவில் இடக்கை ஒவ்வொரு நான்கு எண்ணிக்கைக்கும் எட்டு அடிகள் வீதம் ஓயாமல் உருண்டுகொண்டிருக்க, வலக்கை அதன் மேல் விளையாடும் பூகி-வூகி வாசிப்பு இந்த இசையின் முதுகெலும்பு. மில்பர்னுக்கு அது கைவந்த கலை.

ஹூஸ்டன் பல் மருத்துவர் ஒருவரின் மனைவியான லோலா ஆன் கல்லம் என்ற பெண்மணி இவருடைய திறமையைக் கண்டுகொண்டு, 1946இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அழைத்துச் சென்று, எடி மெஸ்னர், லியோ மெஸ்னர் சகோதரர்கள் நடத்திய அலாடின் நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். புளூஸ் பாடகர் லைட்னின் ஹாப்கின்ஸை ஹூஸ்டனிலிருந்து அழைத்துச் சென்று அதே நிறுவனத்தில் பாட வைத்தவரும் இதே கல்லம்தான். புளூஸ் வரலாற்றில் இந்தப் பெண்மணிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. அலாடினில் மில்பர்னுக்கு வாய்த்த பெரும் துணை மேக்ஸ்வெல் டேவிஸ். டெனர் சாக்ஸபோன் வாசிப்பவர், இசை ஒருங்கமைப்பாளர், பதிவுக்கூடத்தில் யார் எப்போது வாசிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் எனப் பல பொறுப்புகளை அவர் ஒருவரே சுமந்தார். மில்பர்னின் சிறந்த பதிவுகளில் பியானோவுக்குப் பதில் சொல்லும் சாக்ஸபோன் பெரும்பாலும் அவருடையதே. 1946 முதல் 1957 வரை நீண்ட அலாடின் காலம்தான் மில்பர்னின் பொற்காலம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனவே நம் ஒப்பீட்டின் நடுப்பகுதி அந்தப் பதினொரு ஆண்டுகளை யார் எப்படித் தொகுத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியதுதான்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். மில்பர்னின் காலத்தில் இசை விற்பனைக்கு வந்த வடிவம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு ஒன்று. ஒரு தட்டுக்கு இரண்டு பாட்டுகள். அலாடின் நிறுவனம் மில்பர்னை விற்ற விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது: ஒரு பக்கத்தில் ஆட வைக்கும் வேகமான பூகி, மறுபக்கத்தில் நெஞ்சைக் கரைக்கும் மெதுவான புளூஸ் என்பதே பல தட்டுகளின் அமைப்பு. 3014 என்ற எண்ணிட்ட தட்டில் ‘சிக்கன் ஷாக் பூகி’ ஒரு பக்கம், ‘இட் டுக் அ லாங் லாங் டைம்’ மறுபக்கம். 3018இல் ‘பிவில்டர்ட்’ என்ற மெல்லிசைப் பாட்டு ஒரு பக்கம், ‘ஏ அண்ட் எம் புளூஸ்’ மறுபக்கம். 3032இல் ‘ரூமின் ஹவுஸ் பூகி’யும் ‘எம்ப்டி ஆர்ம்ஸ் புளூஸ்’ பாட்டும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. விடுதியிலிருந்த தட்டுப்பெட்டியில் (ஜூக்பாக்ஸ்) காசு போட்டவர் பூகியைக் கேட்டிருப்பார். ஆனால் தட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனவர் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் கேட்டிருப்பார். ஆட்டக்காரர் மில்பர்ன், தனிமையில் முணுமுணுக்கும் மில்பர்ன் என்று இரண்டு பேரையும் ஒரே தட்டில் வாங்கிய அந்த மக்களுக்குக் கிடைத்த கலைஞன் வேறு. இன்று ‘சிறந்த பாடல்கள்’ என்ற தலைப்பில் நமக்குக் கிடைக்கும் கலைஞன் வேறு. எந்தத் தொகுப்பு அந்த இரட்டை மனிதரை நமக்குத் திருப்பித் தருகிறது என்பதே நான் ஒவ்வொன்றிடமும் கேட்கும் கேள்வி.

இன்னொரு வரலாற்று நிகழ்வும் இதில் குறுக்கிடுகிறது. ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1948 ஜனவரி 1 முதல் ஒலிப்பதிவுகளைப் புறக்கணிக்கப் போவதாக முன்கூட்டியே அறிவித்தது. இதனால் நிறுவனங்கள் அனைத்தும் 1947இன் கடைசி மாதங்களில் இரவு பகலாகப் பதிவு செய்து பாடல்களைச் சேமித்து வைத்தன. ‘சிக்கன் ஷாக் பூகி’ 1947 நவம்பரில் பதிவானது; கடைக்கு வந்ததும், 1948இன் இறுதியில் பில்போர்டு இதழின் கறுப்பின இசைக்கான விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் ஏறத்தாழ ஓராண்டு கழித்து. அடுத்து ‘பிவில்டர்ட்’ பாட்டும் முதலிடத்துக்கு வந்தது. அந்தப் பட்டியலுக்கு அப்போது ‘இனத் தட்டுகள்’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்கள். 1949 ஜூனில்தான் அது ரிதம் அண்ட் புளூஸ் என்று மாறியது. ஆக, பாடல்கள் பதிவான வரிசை ஒன்று, மக்கள் கேட்ட வரிசை இன்னொன்று. இந்த வேறுபாடு ஏழு தகட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசும்போது முக்கியமாகும்.

முதலில் 26 பாடல்கள் கொண்ட ஒற்றைக் குறுந்தகட்டை எடுத்துக்கொள்வோம். இ.எம்.ஐ. நிறுவனம் 1994இல் ‘டவுன் த ரோட் அபீஸ்’ என்ற தலைப்பில் வெளியிட்டது இது. தலைப்புப் பாட்டு, 1940இல் டான் ரே எழுதியது. மில்பர்ன் 1946இல் தன் முதல் பதிவுகளில் ஒன்றாக அதை வாசித்தார். பின்னாளில் சக் பெர்ரியும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும் அதே பாட்டைப் பதிவு செய்தார்கள். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் துடிப்பு ஒரு பத்தொன்பது வயது இளைஞரின் விரல்களில் இருந்தது என்பதை இந்த மூன்று நிமிடங்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் இந்தத் தகடு, அறிமுகம் வேண்டுபவருக்கு நல்ல வாசல். ஒலித்தரமும் குறை சொல்ல முடியாதது. அசல் பதிவுகளின் உரிமை தன்னிடமே இருந்த நிறுவனம் வெளியிட்டது என்பதால் அந்தத் தெளிவு கிடைத்திருக்கிறது.

ஆனால் ஒற்றைத் தகட்டுக்குள் ஒருவரை அடக்கும்போது, புகழ்பெற்ற பாட்டுகளுக்கே இடம் போய்விடுகிறது. மில்பர்னின் விஷயத்தில் புகழ் என்றால் மது. 1950இல் வெளிவந்த ‘பேட் பேட் விஸ்கி’ முதலிடத்தைத் தொட்ட பிறகு, அலாடின் நிறுவனம் அதே கிணற்றில் மீண்டும் மீண்டும் வாளியை இறக்கியது. 1953இல் ‘லெட் மீ கோ ஹோம் விஸ்கி’, அதே ஆண்டில் ரூடி டூம்ப்ஸ் எழுதிய ‘ஒன் ஸ்காட்ச் ஒன் பர்பன் ஒன் பியர்’, அடுத்து ‘குட் குட் விஸ்கி’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவை நல்ல பாட்டுகள் என்பதை நான் மறுக்கவில்லை. ‘ஒன் ஸ்காட்ச்’ பாட்டை ஜான் லீ ஹூக்கர் 1966இல் தன் போக்கில் மாற்றிப் பாடி, 1977இல் ஜார்ஜ் தொரோகுட் அதை இன்னும் பரப்பியதால், மில்பர்னின் பெயரே அறியாதவர்களும் அந்தப் பாட்டை அறிவார்கள். எனினும், இவற்றை அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒரு குடிகாரரின் வேடிக்கைப் பாட்டுத் தொகுதியைக் கேட்கிறோம் என்ற எண்ணமே மேலோங்குகிறது. இவற்றில் முக்கியமானவற்றை எழுதியவர்கள் டேவிஸும் டூம்ப்ஸும். மில்பர்ன் பாடிக் கொடுத்தார். அவரே குடிப்பழக்கத்தால் உடல் நலிந்தவர் என்பதை அறிந்து கேட்கும்போது அந்த வேடிக்கை எனக்குக் கசக்கிறது. ஒற்றைத் தகட்டை வாங்குபவர் இந்தச் சாய்வை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது மொசைக் நிறுவனம் 1994இல் வெளியிட்ட முழுத் தொகுப்பு. ஏழு குறுந்தகடுகள், 145 பதிவுகள். அதே தொகுப்பு பத்து நெடுந்தட்டுகளாகவும் (எல்.பி.) வந்தது. அலாடினுக்காக மில்பர்ன் பாடியதில் கிடைத்தவை அனைத்தும் இதில் உண்டு, அக்காலத்தில் வெளிவராமலே பெட்டியில் உறங்கியவை உட்பட. வரையறுத்த எண்ணிக்கையில் மட்டும் அச்சிட்டு, தீர்ந்ததும் நிறுத்திவிடுவது மொசைக்கின் வழக்கம் என்பதால், இன்று இதைப் பழைய பொருள் விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். அவர்கள் சொல்லும் விலை சாதாரண ரசிகருக்கு எட்டுவதாக இருக்காது.

விலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. ஒருவருடைய வளர்ச்சியை ஆண்டு வாரியாகத் தொடர விரும்புபவருக்கு இதற்கு ஈடு இல்லை. 1946இல் பியானோவின் மீது பாயும் இளைஞர், 1949இல் குழுவைத் தன் குரலுக்கு வளைத்துக் கொண்ட தலைவர், 1954க்குப் பிறகு மாறிவரும் ரசனைக்கு ஈடுகொடுக்கத் திணறும் கலைஞர் என மூன்று பேரையும் இதில் தெளிவாகக் காணலாம். எனினும் இந்தப் பெட்டி பதிவுக்கூட வரிசையில் செல்வது. ஒரே அமர்வில் நான்கைந்து பாட்டுகள் பதிவாகும். அவை பின்னர் வெவ்வேறு தட்டுகளில், வெவ்வேறு ஆண்டுகளில் கூடப் பிரிந்து போய் வெளிவரும். 1947இன் இறுதியில் அவசர அவசரமாகப் பதிந்து சேமித்தவற்றை வரிசையாகக் கேட்டால், ஒரே சாயலுள்ள மெதுவான பாட்டுகள் அடுத்தடுத்து வந்து செவி சோர்ந்துவிடுகிறது. அந்தச் சோர்வு மில்பர்னின் குற்றமாகாது. அவர் அவற்றை அடுத்தடுத்துக் கேட்பதற்காகப் பாடவில்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கும் இந்தப் பெட்டியும் ஒரு தட்டின் இரண்டு பக்கங்களை ஒன்றாக வைத்திருக்கவில்லை என்பது விந்தையான உண்மை.

இரண்டுக்கும் நடுவே நிற்கும் மூன்று தகட்டுத் தொகுப்பைத்தான் நான் பெரும்பாலோருக்குப் பரிந்துரைப்பேன். கேப்பிட்டல் நிறுவனம் 1996இல் ‘புளூஸ், பேரல்ஹவுஸ் அண்ட் பூகி வூகி’ என்ற தலைப்பில், 1946 முதல் 1955 வரையிலான பதிவுகளிலிருந்து 66ஐத் தேர்ந்து வெளியிட்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இதில், புகழ்பெற்றவை எல்லாம் இடம் பெற்ற பிறகும் மெதுவான பாட்டுகளுக்கும் பியானோ முன்னிற்கும் பாட்டுகளுக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. 1955உடன் நிறுத்திக்கொண்டதையும் நான் குறையாக எண்ணவில்லை. அலாடினின் கடைசி இரண்டாண்டுகளில் மில்பர்ன் பாடியவற்றில் பல, தன்னிடமிருந்தே கற்றுக்கொண்ட இளையவர்களின் பாணியை அவரே திரும்பப் பின்பற்ற முயன்றவை. தன் வாசிப்புக்கு மில்பர்ன் முன்னோடி என்று நியூ ஆர்லியன்ஸ் பாடகர் ஃபேட்ஸ் டாமினோ எப்போதும் நன்றியோடு சொல்லிவந்தார். அந்த டாமினோவின் தட்டுகள் லட்சக்கணக்கில் விற்கும்போது, முன்னோடி நியூ ஆர்லியன்ஸுக்குச் சென்று அவருடைய ஊரின் ஒலியில் தன் பழைய பாட்டைத் திரும்பப் பாட நேர்ந்தது.

அந்த மறுபதிவுதான் மலிவுத் தொகுப்புகளில் ஒளிந்திருக்கும் கண்ணி. 1956இல் நியூ ஆர்லியன்ஸில் காசிமோ மட்டாசாவின் பதிவுக்கூடத்தில் மில்பர்ன் ‘சிக்கன் ஷாக் பூகி’யை மீண்டும் பதிவு செய்தார். நான் முதன்முதலில் வாங்கிய மில்பர்ன் தகடு ஒரு மலிவுத் தொகுப்பு. அதன் உறையில் எந்தப் பாட்டுக்கும் ஆண்டு போடவில்லை. அதில் இருந்த ‘சிக்கன் ஷாக் பூகி’யைப் பல மாதங்கள் கேட்டு ரசித்து, 1940களிலேயே இப்படி வாசித்திருக்கிறாரே என்று நண்பர்களிடம் வியந்து பேசியும் இருக்கிறேன். பிறகு ஒரு நாள் அசல் பதிவைக் கேட்டபோதுதான், நான் கேட்டுக்கொண்டிருந்தது 1956ஆம் ஆண்டு மறுபதிவு என்று தெரிந்தது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்பது நல்ல பயிற்சி. 1947ஆம் ஆண்டுப் பதிவில் அவசரம் எதுவும் இல்லை. இடக்கை ஒரு நீண்ட சாலையில் நடப்பது போல ஒரே சீராக உருள்கிறது. மில்பர்ன் பாதி பாடுகிறார், பாதி பேசுகிறார். ஊருக்கு வெளியே உள்ள ஓர் எளிய தீனிக்கடையைப் பற்றி, அங்கே போய்வந்தவர் திண்ணையில் அமர்ந்து நமக்கு வழி சொல்வது போன்ற தொனி அது. சாக்ஸபோன் நுழையும்போது கூட, பேச்சின் நடுவே தெரிந்தவர் ஒருவர் வந்து கலந்துகொள்வது போலத்தான் நுழைகிறது. 1956ஆம் ஆண்டுப் பதிவிலோ வேகம் மிக அதிகம். முரசு முன்னால் வந்து இரண்டாம், நான்காம் அடிகளில் ஓங்கி அறைகிறது. ஊதுவாத்தியங்கள் கூட்டமாகத் தள்ளுகின்றன. வழி சொல்ல நேரமில்லாமல் குரல் ஓடுகிறது. தனியாகக் கேட்டால் அது சிறந்த ராக் அண்ட் ரோல் பதிவு, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மில்பர்னின் பெருமையே அந்த நிதானத்தில்தான் இருக்கிறது. கால்களை ஆட வைத்துக்கொண்டே தான் மட்டும் பதறாமல் அமர்ந்திருக்கும் பாங்கு அவருக்கு வாய்த்தது. மறுபதிவில் அது இல்லை.

இந்த மலிவுத் தொகுப்புகள் ஏன் இத்தனை இருக்கின்றன என்பதற்குச் சட்டம்தான் காரணம். ஐரோப்பிய நாடுகளில் ஒலிப்பதிவுகளுக்கு ஐம்பது ஆண்டுக் காப்புரிமையே நெடுங்காலம் இருந்தது. 2013இல் அது எழுபது ஆண்டுகளாக உயர்ந்தபோதும், ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1940களின் அமெரிக்கப் பதிவுகளை அங்கே யார் வேண்டுமானாலும் தொகுத்து விற்க முடிந்தது. அவற்றிலும் தரமானவை உண்டு: பிரான்சின் கிளாசிக்ஸ் நிறுவனம் ஆண்டு வரிசையில் வெளியிட்ட தகடுகள் பதிவு நாள், வாத்தியக்காரர் பெயர் முதலிய விவரங்களைப் பொறுப்போடு தருகின்றன. உறையில் இந்த விவரங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குபவருக்கு ஏமாற்றம் நேராது. இணையத்தில் கேட்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே காட்டும் ஆண்டு பெரும்பாலும் தொகுப்பு வெளிவந்த ஆண்டாகவே இருக்கிறது, பாட்டு பதிவான ஆண்டாக இருப்பதில்லை.

மோட்டவுன் பதிவுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அலாடினை விட்டு வந்து, நண்பரும் பாடகருமான சார்லஸ் பிரவுனோடு சேர்ந்து சில பதிவுகள் செய்து, வாய்ப்புகள் சுருங்கிய நிலையில் இருந்த மில்பர்னை டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் அழைத்துப் பாட வைத்தது. ‘ரிட்டர்ன் ஆஃப் த புளூஸ் பாஸ்’ என்று ஒரு நெடுந்தட்டு வந்தது. 1962 முதல் 1964 வரையிலான பதிவுகள் பின்னர் ஒரு குறுந்தகடாகவும் தொகுக்கப்பட்டன. தன் பழைய விஸ்கிப் பாட்டுகளில் சிலவற்றை அவர் மீண்டும் பாடியிருக்கிறார். ஒலி துல்லியமாக இருக்கிறது, குரலில் முதிர்ச்சி கூடியிருக்கிறது. ஆனால் மேக்ஸ்வெல் டேவிஸோடு பத்தாண்டுகள் பழகிய பேச்சின் இடத்தில் இங்கே புதிய கூட்டத்தின் மரியாதை மட்டுமே கேட்கிறது. அலாடின் பதிவுகள் அனைத்தையும் கேட்டு முடித்தவர் வாங்கலாம். முதலில் வாங்க வேண்டியது இதுவாக இருக்கக் கூடாது.

1972இல் இசைக்கலைஞர் ஜானி ஓட்டிஸ் ஒழுங்கு செய்த கடைசிப் பதிவை ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவே எனக்கு மனமில்லை. பக்கவாதத்தால் மில்பர்னின் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. எட்டு அடிகளை ஓயாமல் உருட்டிய அந்த இடக்கையின் பகுதியை ஓட்டிஸ் அவருக்காக வாசித்தார். ஒரே பியானோவின் முன் இரண்டு பேர் அமர்ந்து ஒரு மனிதரின் இசையை நிறைவு செய்த அந்தக் காட்சியை நினைத்தால், பதிவின் நிறைகுறைகளை எடைபோடும் துணிவு எனக்கு வருவதில்லை. 1980 ஜனவரி 3 அன்று, 52ஆம் வயதில், மில்பர்ன் ஹூஸ்டனிலேயே காலமானார்.

அசல் அரக்குத் தட்டுகளைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிற்காலத்துக்கான வினைல் ஊசியை அவற்றின் மீது வைக்கவே கூடாது. நெடுந்தட்டின் பள்ளத்தைவிட 78 சுழற்சித் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு பருமனான ஊசி முனை வேண்டும். தவறான ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும், பாட்டைவிட இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். சுழற்சி வேகம் 78 உள்ள கருவியும் தேவை. அரக்கு கண்ணாடியைப் போல நொறுங்கக் கூடியது என்பதால் கடல் கடந்து அஞ்சலில் வரும்போது உடையும் ஆபத்து உண்டு. அதோடு, மில்பர்னின் வெற்றித் தட்டுகள் விடுதிகளின் தட்டுப்பெட்டிகளில் தேயத் தேய ஓடியவை. பூகிப் பக்கம் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருக்க, மறுபக்கம் மட்டும் பளபளப்பாக இருக்கும் பிரதிகள் அரிதல்ல. எந்தப் பக்கத்தை உலகம் கேட்டது, எந்தப் பக்கத்தைக் கேட்கவில்லை என்பதை அந்தத் தட்டின் நிறமே சொல்லிவிடும்.

ஆக, என் முடிவு இதுதான். பணம் செலவிட முடிந்தவர், ஒரே ஒரு தொகுப்பு மட்டுமே வாங்குவார் என்றால், 66 பாடல்கள் கொண்ட மூன்று தகட்டுத் தொகுப்பை வாங்கட்டும். பழைய தகடுகள் விற்குமிடத்தில் அது கிடைக்கவில்லை, ஒற்றைத் தகடுதான் கிடைக்கிறது என்றால் தயங்காமல் வாங்கலாம். விஸ்கிப் பாட்டுகளைத் தாண்டி அதில் உள்ளவற்றுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் போதும். முழுப் பெட்டி ஆராய்பவர்களுக்கும், மில்பர்னோடு ஏற்கெனவே நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கும் உரியது. புதியவர் அதில் தொடங்கினால் மூன்றாம் தகட்டுக்குள் களைத்துப் போவார்.

பணம் செலவிட முடியாதவருக்கும் நேர்த்தியான ஒரு வழி இருக்கிறது, சொல்லப்போனால் நானே இப்போது பெரும்பாலும் அந்த வழியில்தான் கேட்கிறேன். அலாடின் தட்டுகளின் எண்கள் இசைத்தட்டு விவரப் பட்டியல்களில் எளிதாகக் கிடைக்கின்றன. அந்த எண் வரிசையில், ஒவ்வொரு தட்டின் இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்து, இணையச் செயலியில் சொந்தமாக ஒரு பட்டியல் தயாரித்துக் கொள்ளலாம். ‘சிக்கன் ஷாக் பூகி’க்கு மட்டும் எந்தப் பதிவு என்று காதால் சோதித்துக்கொள்ள வேண்டும், நிதானமாக, பேச்சு நடையில் தொடங்கினால் அதுதான் 1947ஆம் ஆண்டுப் பதிவு. ஒரு நாளைக்கு ஒரு தட்டு, இரண்டே பாட்டுகள் என்ற கணக்கில் கேட்டால், 1948, 1949ஆம் ஆண்டுகளில் அந்தத் தட்டுகளை வாங்கியவர்களின் செவிக்கு மிக அருகில் நாம் போய்விடுகிறோம்.

3014இல் தொடங்குங்கள். பூகி முடிந்ததும் அடுத்த பூகிக்குத் தாவாமல், தட்டைத் திருப்புவதற்கு ஆகும் சில நொடிகள் அமைதியாக விட்டுவிட்டு, ‘இட் டுக் அ லாங் லாங் டைம்’ பாட்டைப் போடுங்கள். சற்று முன்பு ஊரையே தீனிக்கடைக்கு அழைத்த அதே குரல் இப்போது யாரும் இல்லாத அறையில் இருக்கும்.